கட்டைவிரல் அசையும் எண்

“நடிப்புன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க டாக்டர். நான் கெளம்பறேன்.”

மண்ணூர்ப் பக்கம் கார் ஒயரிங் தொழிற்சாலையில் பணியாளர் அதிகாரி கோதண்டராமன். உட்காரக்கூட இல்லை.

நாற்காலியில் இருந்தவள் வேல்விழி, விளாத்திகுளத்துப் பெண். மூன்று மாதத்தில் நான்கு முறை லைனில் விழுந்து துடித்தவள். ஒவ்வொரு முறையும் தோழிகள் அவள் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள்.

“எந்தப் பூட்டைத் திறக்கப் போறா இவ?” என்பார் கோதண்டராமன். லைனே சிரிக்கும். சிரிக்காதவர்களுக்கு ஓ.டி. கிடையாது.

வேலை போனால் ஊரில் தாய்மாமன் காத்திருந்தார், தாலியோடு. அவருக்கு வயது நாற்பத்தொன்று.

டாக்டரம்மா காந்தச் சுருளை அவள் தலைமேல் பிடித்து அழுத்தினார். டக். கட்டைவிரல் துள்ளியது. மெஷின் திரையில் காந்த வேகத்தின் எண் நாற்பத்தெட்டு.

“மூளையை எவ்வளவு லேசா தூண்ட முடியுதுன்னு இது காட்டும். தினம் வலிப்பு மாத்திரை சாப்பிடறவங்களுக்கு எண்ணை ரொம்பக் கூட்டினாத்தான் விரல் அசையும். நீ சாப்பிடறியாம்மா?”

“இல்ல மேடம்.”

“அப்ப நடிப்புதான்.”

“இந்த எண்ணை மட்டும் வெச்சு எதையும் சொல்ல முடியாது சார். மனசால வர்றதா இருந்தாலும் அது நடிப்பில்ல. அவளா விழறதில்ல.”

“எதுவானா என்ன? வலிப்புன்னா மெஷின்கிட்ட நிறுத்த முடியாது, வீட்டுக்கு. நடிப்புன்னா அதுவும் வீட்டுக்கு. டெஸ்ட்டாம் டெஸ்ட். எங்க, எனக்கு வைங்க பாப்போம்.”

வேல்விழி எழுந்துகொண்டாள்.

“வலிப்பு வந்ததுண்டா? மாத்திரை ஏதாவது?”

“எனக்கா?” அவர் சிரித்தார்.

உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. வேல்விழி தட்டை நீட்டினாள். கடிகாரம், பேனா. சற்றுத் தயங்கி, உள்பையிலிருந்து இன்னொன்று.

நாற்பத்தெட்டு. விரல் அசையவில்லை.

அறுபது. எழுபது.

எண்பத்திரண்டில் லேசாகத் துடித்தது.

டாக்டரம்மா சுருளை இறக்கிவிட்டு அவரையே பார்த்தார்.

கோதண்டராமன் அவசரமாகக் கை நீட்டினார். வேல்விழி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கடிகாரத்துக்கும் பேனாவுக்கும் நடுவே, வளையம்கூட இல்லாத ஒற்றைச் சாவி. துருப்பிடித்த இரும்பு.

“இது எந்தப் பூட்டுக்கு, சார்?”