ஏழே முக்கால் அங்குலம்

"பெட்டி அளவு தப்புங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் சீட்டை மேசைமேல் வைத்தார்.

பெரியவர் அதை எடுத்து, மடித்த இடத்திலேயே மடித்தார். "அதுல இருக்கிறபடியே செஞ்சு குடுங்க தம்பி" என்றார், மூன்றாவது முறையாக.

மகன் எழுதிய சீட்டு. வாசலில் நிற்கும் காரும் மகனுடையதுதான். அவர் சொன்னது அவ்வளவுதான்.

அவர் டைல்ஸ் ஒட்டுகிறவர் என்பது கேட்காமலே தெரிந்தது. வந்ததும் வராததுமாகக் கடைத் தரையில் ஓர் இடத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "இது உள்ள காலி" என்று சொன்னவர். நகக்கண்ணில் வெள்ளை சிமெண்ட் கழுவியும் போகாமல் ஒட்டியிருந்தது.

கடைக்காரரை ஊரில் யாரும் கடைக்காரர் என்று சொல்வதில்லை, பெட்டிக்காரர்தான். காரில் பாட்டை அதிரவைக்கும் சப்வூபர் ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிபயரையும் எந்தக் கடையிலும் வாங்கிவிடலாம். ஸ்பீக்கரை உட்காரவைக்கும் மரப்பெட்டிக்கு அவரிடம்தான் வந்தாக வேண்டும். அந்தக் கர்வம் அவருக்குக் கொஞ்சம் தூக்கலாகவே உண்டு.

சீட்டை எழுதியவன் விஷயம் தெரிந்தவன், அதில் சந்தேகமில்லை. பன்னிரண்டு அங்குல சப்வூபர் கேட்டிருந்தான். அதற்குத் தோதாக, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், ஐந்நூறு வாட் ஆம்ப். பெரிதாக இருந்தால் போதும் என்று ஆயிரம் வாட்டை மாட்டிக்கொண்டு போய், மூன்றாம் மாதம் கருகிய வாடையோடு வந்து நிற்கிற ரகம் இல்லை. படித்தபோதே பெட்டிக்காரர் மனசுக்குள் சபாஷ் போட்டிருந்தார்.

பெட்டியில்தான் பையன் கோட்டை விட்டிருந்தான். நீளம் இருபது, உயரம் பதினாலு, ஆழம் ஏழே முக்கால்.

இந்த சப்வூபருக்கு இதைப்போல இரண்டு மடங்கு இடம் வேண்டும். இதற்குள் அடைத்தால் யானையைக் கோழிக்கூண்டில் போட்ட கதையாகிவிடும். அடிச்சத்தம் எழும்பவே எழும்பாது. சரி, சின்னதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அது என்ன ஏழே முக்கால்? ஒரு ஏழு, ஒரு எட்டு என்று எழுதினால் குறைந்தா போய்விடும்?

பெட்டிக்காரர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். பெரியவர் பிடித்த பிடியை விடவில்லை.

சீட்டின் அடியில் ஒரு வரி இருந்தது பெட்டிக்காரருக்கு நினைவு வந்தது. 'பெட்டி தயாரானதும் கூப்பிடவும்.' கீழே ஒரு போன் நம்பர். சீட்டை மறுபடி கேட்டு வாங்கினார்.

நாளைக்கு அந்தப் பையன் வந்து, சத்தமே இல்லையே என்று நின்றால் யார் பெயர் கெடும்? தகப்பனோடு மல்லுக்கட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை.

"நீங்க இருங்க ஐயா. நான் உங்க பையன்கிட்டயே பேசிக்கிறேன்" என்று நம்பரை அழுத்தினார்.

பெரியவர் வேண்டாம் என்று கையைத் தூக்கினார். அதற்குள் மணி அடித்துவிட்டது.

அடித்தது பெரியவரின் சட்டைப்பையில்.

ஏதோ ஒரு துள்ளல் பாட்டு. அந்தச் சின்னப் போனில் அதன் மேல்சத்தம் மட்டும் சன்னமாகக் கேட்டது. கீழே அதிர வேண்டியது எதுவும் இல்லை.

பெட்டிக்காரர் பதறிப்போய் கட் செய்யப் போனார்.

"இருக்கட்டும் தம்பி, முழுசா அடிக்கட்டும்" என்றார் பெரியவர். "நாலு மாசமா தினம் சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். இப்பல்லாம் யாரும் கூப்பிடுறதில்ல."

இருவரும் அது அடித்து ஓயும்வரை நின்றார்கள்.

பெட்டிக்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எத்தனை முறை தப்பு, தப்பு என்று சொல்லிவிட்டோம். பெரியவர் முகத்தைப் பார்க்க முடியாமல், அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போனார்.

டிக்கியைத் திறந்தார். டைல்ஸ் வெட்டும் மெஷின், இரண்டு வாளி, கரண்டிகள், ரசமட்டம் என்று முக்கால்வாசி இடம் பெரியவரின் தொழில் சாமான்கள். வலது மூலையில் சக்கரத்தை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது.

சும்மா நிற்கக் கூடாதே என்று அதை அளந்தார். நீளம் இருபது. கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டுவரை உயரம் பதினாலு.

மெஷினின் ஓரத்திலிருந்து அந்தப் பக்கச் சுவர்வரை நாடாவை நீட்டினார். ஏழே முக்கால்.

நம்பாமல் இன்னொரு முறை அளந்தார். அதேதான்.

மெஷினைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். அடியில் டிக்கி விரிப்பின்மேல் சாக்பீஸால் ஒரு கோடு. சாமான்களைச் சுற்றி நான்கு பக்கமும் அந்தக் கோடு ஓடியது. ஒரு கரண்டிகூட அதைத் தாண்டவில்லை.

கோட்டுக்குள்ளே, சீட்டில் இருந்த அதே சாய்ந்த எழுத்து. 'அப்பா இடம்.'

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பெரியவர் வந்து நின்றிருந்தார். இவ்வளவு நேரம் பிடிவாதமாக இருந்த குரல் அடியோடு இறங்கிப்போயிருந்தது.

"நெசமாவே தப்பா எழுதிட்டானா தம்பி?"

"இல்லீங்க ஐயா. உங்க பையன் சரியாத்தான் அளந்திருக்கான்" என்றார் பெட்டிக்காரர். சொல்லிவிட்டு, மெஷினைப் பழையபடி கோட்டுக்குள் நகர்த்தி வைத்தார்.