தோற்றவர் சமைக்க வேண்டும்

இந்தச் சனியும் போலந்து தோற்றுப்போனது.

1410இல் ஜெர்மன் சிலுவைப்படையைப் போலந்தும் லித்துவேனியாவும் சேர்ந்து நொறுக்கியதாகத்தான் சரித்திரம். ஜெர்மனியின் பான் நகரத்து அடுக்குமாடி ஒன்றில், யானுஷ் வீட்டு மேசைமேல் விரித்த விளையாட்டுப் பலகையில் மட்டும் ஏழு மாதமாக அது தலைகீழ். சிலுவைப்படையை நடத்துகிறவர் கீழ்வீட்டுத் தம்பித்துரை. வாராவாரம் அவருக்குத்தான் வெற்றி.

"அந்தப் போலந்து மனிசனுக்கு மண்டைக்குள்ள ஒண்டுமில்லை, பிள்ளை," என்று லண்டனில் இருக்கும் மகள் சுபானியிடம் போனில் பீற்றிக்கொண்டார். "சொந்த நாடு வெண்ட சண்டையையே தோக்குது!"

"பாவமப்பா. ஒருக்கா விட்டுக் குடுங்கோவன்."

"ஏன் விடோணும்? தோத்த ஆள் அடுத்த சனி சமைக்கோணும். அவற்ற நாட்டுச் சட்டமாம். நான் வெண்டு சாப்பிடுறன், ஆரிட்டையும் கையேந்தேல்லை."

தம்பித்துரையின் மனைவி யோகம் இறந்த புதிதில் யானுஷ் மூன்று தரம் சூப்புச் சட்டியோடு வந்தார். பசியில்லை என்று மூன்று தரமும் திருப்பி அனுப்பினார் தம்பித்துரை. பாவம் பார்த்துப் போடுகிற சாப்பாடு அவருக்குத் தொண்டையில் இறங்காது. நாலாம் தரம் யானுஷ் சட்டியைக் கொண்டுவரவில்லை, பலகையைத்தான் கொண்டுவந்தார்.

யோகத்தின் அடுப்பில் தம்பித்துரை இன்னும் கைவைக்கவில்லை. மற்ற ஆறு நாளும் பாண் துண்டும் தேத்தண்ணியும்தான், பேச ஒரு ஆள் கிடையாது. சனிக்கிழமை மட்டும் தலைவாரிக்கொண்டு மேலே ஏறுவார்.

அடுத்த சனி கதவைத் திறந்தவள் யானுஷின் மகள் மாக்டா. வார்சோவிலிருந்து வந்திருந்தாள்.

"அப்பா காளான் வாங்கப் போயிட்டார். சனியில நீங்கள் மச்ச மாமிசம் தொடமாட்டீங்களாமே," என்று ஜெர்மனில் சொன்னவள், அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களோ அவரை வெல்லுற ஆள்?"

"ஓம். ஏழு மாசமா."

"நம்பவே ஏலாது. இந்த விளையாட்டில பன்னிரண்டு வருசம் எங்கட நகரத்துச் சாம்பியன் அவர். சின்னதில நான் அழுதாக்கூட விட்டுத்தர மாட்டார்."

தம்பித்துரை உள்ளே மேசைமேல் கிடந்த பலகையை எட்டிப் பார்த்தார்.

"அப்ப, தோத்த ஆள் சமைக்கோணும் எண்ட சட்டம்?"

மாக்டா சிரித்தாள். "அப்பிடி ஒண்டு நான் கேள்விப்படவே இல்லை."

அன்று தம்பித்துரை தோற்கத்தான் உட்கார்ந்தார். சிலுவைப்படைத் தலைவனைக் காவலில்லாமல் போலந்துக் குதிரைகளுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினார். குழந்தைப்பிள்ளை கூடப் பிடித்துவிடும்.

யானுஷ் பலகையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் குதிரைகளையெல்லாம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அட, கவனிக்கேல்லை! திரும்பவும் நீங்கள்தான். அடுத்த சனியும் நான்தான் சமைக்கிறன்."

தம்பித்துரைக்குக் கண் நிறைந்துவிட்டது. குனிந்து காய்களைப் பொறுக்கினார்.

"சமையுங்கோ. ஆனா எங்கட நாட்டிலயும் ஒரு சட்டம் இருக்கு, யானுஷ்," என்றார். "தோத்த ஆள், வெண்டவற்ற வீட்டு அடுப்பிலதான் சமைக்கோணும். வெண்டவர் பக்கத்தில நிண்டு வெங்காயம் வெட்டிக் குடுக்கோணும்."