அறுபத்துநாலு கோர்

சென்னை ரிச்சி தெருவில் இப்போதெல்லாம் காசு மட்டும் இருந்தால் பிராசசர் கிடைக்காது. பழைய கணினியின் உழைப்புப் பதிவையும் காட்ட வேண்டும். அதில் யார் எவ்வளவு வேலை வாங்கினார்களோ, அவர்களுக்கு அதற்கேற்ற பிராசசர்தான் கொடுப்போம். இது தெரிந்தும் தினமும் நாலு பேர் மீசையை முறுக்கிக்கொண்டு என் கடைக்கு வருகிறார்கள்.

அன்று வந்தவர் வைத்தியலிங்கம். கையில் பழைய கணினியின் டிஸ்க், பின்னால் மனைவி பூரணி.

“அறுபத்துநாலு கோர் பிராசசர் எடும்மா. நான் பாக்குற வேலைக்கு அதுதான் தாங்கும். இவளுக்கு மட்டமா ஒண்ணு போதும், கோலம் பாக்கத்தானே போறா. பெருசா குடுத்தா சூடாக்கிடுவா.”

டிஸ்க்கைச் சொருகினேன். ஆறு வருடங்களில் அந்தப் பெரிய மனிதர் பார்த்த வேலை திரையில் வந்தது. சீட்டாட்டம், காலை வணக்கப் படங்கள், பதினோரு முறை எழுதி ஒருமுறைகூட அனுப்பாத ராஜினாமாக் கடிதம்.

அதற்குக் கீழே பூரணியின் பதிவு இருந்தது. கணவர் ஆபீஸ் போனதும், எவ்வளவு மழைக்கு வேளச்சேரியின் எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று பகல் முழுக்கக் கணக்குப் போட்டிருக்கிறார்.

“அறுபத்துநாலு கோர் இருக்கு சார். மேடம் பேர்லதான் பில் வரும்” என்றேன்.

“இவளுக்கு கம்ப்யூட்டர் ஆன் பண்ணவே தெரியாதே” என்றார். அப்போதும் மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பூரணி நிதானமாக பில்லுக்குக் கைரேகையை வைத்தார்.

“இவருக்கு அந்த மட்டமானதே குடுங்கம்மா. சீட்டாடத்தானே போறார். பெருசா குடுத்தா சூடாக்கிடுவார்.”