அவள் முறை

"தூங்காத," என்று மனைவியின் தோளை உலுக்கினான் அவன்.

நாற்காலியில் சாய்ந்தபடியே கண் அயர்ந்திருந்தவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மடியில் கைக்குழந்தை அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அவனை முறைத்தார்கள்.

பிள்ளை பெற்றவர்கள் வாரம் ஒருமுறை கூடி, தங்கள் பிரசவத்தைப் பற்றி மனம்விட்டுப் பேசும் அறை அது. கூட்டத்தை நடத்தும் நர்ஸுக்கு அவனைப் பற்றி முன்பே தகவல் வந்திருந்தது. பஸ் டிரைவராம். பிள்ளை பிறந்ததிலிருந்து வேலைக்குப் போகாமல், பெண்டாட்டியைக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காக்கிறானாம். பாவம், பச்சை உடம்புக்காரி பகலில்கூடக் கண் மூட முடியவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருந்தாள்.

முதலில் ஒரு டீச்சர் பேசினாள். பிரசவ அறையில் தான் கத்தியதைவிட வெளியே மாமியார் போட்ட கூச்சல்தான் அதிகம் என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து, துணிக்கடையில் வேலை செய்யும் பெண். பிறந்த குழந்தை அழாமல் கிடந்ததையும், எல்லோரும் அதைச் சுற்றி ஓடியதையும், தன் பக்கம் ஒருவரும் திரும்பாததையும் சொன்னாள். சொல்லி முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்குத்தான் வாய்விட்டுச் சொல்றேன். நெஞ்சுல இருந்த கல்லை இறக்கி வச்ச மாதிரி இருக்கு."

டிரைவர் சட்டென்று எழுந்தான். நேரமாகிவிட்டது, கிளம்பலாம் என்றான். மனைவி அசையவில்லை.

நர்ஸ் அவளிடம் குனிந்தாள். "இப்ப உன் முறைம்மா. அவசரமில்ல, மெதுவாச் சொல்லு."

"வேணாம் சிஸ்டர்," என்று அவன் குறுக்கே வந்தான். "நிறைய ரத்தம் போன உடம்பு. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"அவளைக் கொஞ்சம் பேச விடுங்க. பெத்தவ அவதானே?" நர்ஸின் குரலில் கண்டிப்பு ஏறியிருந்தது.

அவன் வாசலைப் பார்த்து நடந்தான். அவள் குழந்தையை டீச்சரின் கையில் கொடுத்துவிட்டு, களைத்த காலை இழுத்துப் போட்டு அவன் பின்னாலேயே போனாள். அவன் கையைப் பிடித்துக் கூட்டி வந்து தன் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"நான் மயக்கத்துல கிடந்தேன் சிஸ்டர், எனக்கு ஒண்ணும் தெரியாது. பக்கத்துல நின்னு பாத்தது இவர்தான், இவருக்காகத்தான் வந்தோம்."