சத்தம் போடாமல் தின்ற தோசை

விலைவாசி ஏறியதும் மனிதர்கள் தட்டை வழித்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். குப்பைத்தொட்டியில் காக்காய்களுக்கென்று ஒன்றும் விழவில்லை.

கோணல்மூக்கி என்ற காக்காய் ஒரு வழி கண்டுபிடித்தது. பறந்தால்தானே பசிக்கும்? அலைச்சலைக் குறைத்துக்கொண்டு, கிடைத்ததைத் தின்று, கரண்டுக் கம்பத்திலேயே உட்கார்ந்துவிட்டது.

ஒருநாள் கம்பத்தடியில் யாரோ பாதித் தோசையைத் தவறவிட்டுப் போனார்கள். கூட்டத்தைக் கூப்பிட்டுத்தான் தின்ன வேண்டும், அது காக்காய்க் குலத்து வழக்கம். கூப்பிட்டால் பங்குக்கு எத்தனை பேர் வருவார்களோ! கோணல்மூக்கி அக்கம்பக்கம் பார்த்தது. சத்தம் போடாமல் மடக் மடக்கென்று விழுங்கிவிட்டது.

அலகைத் துடைப்பதற்குள் எதிர் மொட்டைமாடியிலிருந்து பக்கத்துக் கூட்டு நொண்டிக் காக்காய் கத்தியது: “கா, கா! அக்கா, வாங்க! கொஞ்சம் சோறு கிடைச்சிருக்கு!”

போகாமல் இருக்க முடியவில்லை.

“எனக்குப் பசியே இல்லடி” என்றது கோணல்மூக்கி. அது சத்தியமான பேச்சு.

நொண்டி நம்பவில்லை. “பட்டினி கிடந்தாலும் வாயைத் திறந்து கேக்க மாட்டீங்க. உங்க மானம் யாருக்கு வரும்க்கா!” என்று பெரிய பங்கை அதன் பக்கம் தள்ளியது.

அலகில் ஒட்டியிருந்த சட்னி தெரிந்துவிடக் கூடாதே என்று, கோணல்மூக்கி தலையைத் தூக்காமலே தின்றது.