ஒட்டீலி அம்மாள் நடந்த வழி

"அம்மாவைப் பத்தி ஒரே வரியில சொல்லணும்னா, நாற்காலியை இடம் மாத்தி வச்சா முதுகுல அடி விழும். அதைச் சொல்லுங்க, போதும்" என்றார் ஆல்வின்.

"அண்ணா, போதகர் நாளைக்கு அடக்க ஆராதனையில பேசறதுக்காகக் கேட்கிறார்" என்று தங்கை ஹெட்விக் அதட்டினாள்.

போதகர் லூடெக் நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூருக்கு மாற்றலாகி வந்தே ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஒட்டீலி அம்மாளை அவர் முதன்முதலாகப் பார்த்ததே சவப்பெட்டியில்தான்.

ஹெட்விக் காபி ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தாள். ஜெர்மனியின் பொமரேனியாவில் ஒரு பண்ணைக் கூலியின் மகளாம் அம்மா. முன்னாலேயே அமெரிக்கா போய் நிலம் பிடித்திருந்த அப்பா கோட்லீப், கப்பல் டிக்கெட் அனுப்பி அவளை வரவழைத்தார். தன்னந்தனியாகக் கடலைத் தாண்டி வந்தவளைத் துறைமுகத்தில் நிறுத்தி, அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பப் பார்த்தார்களாம். கோட்லீப் ரயிலேறி ஓடிப்போய்ச் சண்டை போட்டு, அந்த ஊர் தேவாலயத்திலேயே கையோடு கல்யாணத்தை முடித்துக் கூட்டிவந்தார்.

வண்டியிலிருந்து அவள் இறங்கியதைப் பார்த்துப் பக்கத்துப் பண்ணைக்காரர் சிரித்தார். கை கொடுக்க ஆள் கொண்டு வருவாய் என்று பார்த்தால், இன்னொரு பாரத்தை அல்லவா ஏற்றி வந்திருக்கிறாய் என்றார். மறுவருடம் அதே ஆளின் பசு கன்று போட முடியாமல் கதறியபோது, ஒட்டீலிதான் போய்க் கையை விட்டுக் கன்றைத் திருப்பி எடுத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து சிரிப்பு வரவில்லை.

"அந்தப் புயலைச் சொல்லு அண்ணா" என்றாள் ஹெட்விக்.

ஆல்வின் முகத்தில் இருந்த கேலி போய்விட்டது.

அப்போது அவர் பள்ளிக்கூடப் பையன். ஜனவரி மாதம். காலையில் இளவெயில் அடித்ததால் பிள்ளைகள் பாதிப் பேர் கம்பளிக் கோட்டு இல்லாமல் வந்திருந்தார்கள். மதியத்துக்கு மேல் வடக்கே வானம் கறுத்தது. அடுத்த நிமிடமே பனிப்புயல் பள்ளிக்கூடத்தின் மேல் வந்து மோதியது. நீட்டிய கை தெரியவில்லை. கூரையில் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு போனது. அடுப்பில் நிலக்கரி தீர்ந்தது. ஆசிரியைக்கே வயது பதினெட்டுதான். பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"கதவு திறந்துச்சு. அம்மா நின்னாங்க. இமையெல்லாம் பனி. துணி காயப்போடற கயிறு மொத்தத்தையும் இடுப்புல சுத்தியிருந்தாங்க. அப்பா எங்கேன்னு கேட்டாங்க. அப்பா எங்களைக் கூப்பிட முன்னாடியே கிளம்பிட்டாராம். இங்கே வரவே இல்லையே."

ஒரு கணம் அவள் அசையாமல் நின்றாள். பிறகு ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டு எண்ணி, இடுப்பில் கயிற்றைக் கட்டினாள். ஆசிரியை கதவை மறித்துக்கொண்டாள். இந்த அம்மாளை நம்பிப் பிள்ளைகளை எப்படி வெளியே விடுவது என்று அழுதாள். ஆசிரியைக்கு ஜெர்மன் தெரியாது. ஆல்வின்தான் அம்மா சொன்னதை எடுத்துச் சொன்னான்.

"இங்கே இருந்தா பொழுது சாயறதுக்குள்ள விறைச்சுப் போயிடுவாங்க. என்கூட வந்தா என் வீட்டுல சூப் குடிப்பாங்க."

ஆசிரியை வழிவிட்டாள். கயிற்றின் கடைசி முனையைத் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டாள்.

ஆல்வினுக்கு அம்மாவின் பாவாடை நுனி மட்டும்தான் உலகமாக இருந்தது. அம்மா அவசரப்படவில்லை. உழுத நிலத்தின் மேடு பள்ளத்தைக் காலால் தடவினாள். வேலிக் கம்பி கைக்குச் சிக்கியதும் அதைப் பிடித்தபடியே போனாள். காற்று இடது கன்னத்தில் அடிக்கிறவரை சரி, மூக்கில் அடித்தால் நின்று திரும்பினாள். ஒரு சிறுமி விழுந்தாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்குக் கிட்டே வந்திருப்பார்கள். அம்மா சட்டென்று நின்று காது கொடுத்தாள். பிறகு வரிசையோடு பக்கவாட்டில் நகர்ந்து, பனிக்குள் கையைவிட்டு எதையோ பிடித்து இழுத்தாள். அது அப்பாவின் கோட்டுக் காலர். பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு, அவர் தன் வைக்கோல் போரையே சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார்.

"கடைசிவரைக்கும் அப்பா, நான்தான் அவளைக் கண்டுபிடிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சார்" என்றாள் ஹெட்விக். மூவரும் சிரித்தார்கள். ஹெட்விக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று அந்த வட்டாரத்தில் வீட்டுக்கும் தொழுவத்துக்கும் இடையே வழி தவறியே செத்தவர்கள் உண்டு. பண்ணையை அங்குலம் அங்குலமாக அறிந்த ஆண்கள். ஒட்டீலியின் கயிற்றில் வந்த பிள்ளை ஒன்றுகூடச் சாகவில்லை. நாளைக்குப் பெட்டியைத் தூக்கப் போகிறவர்களில் நாலு பேர் அந்தக் கயிற்றில் வந்தவர்கள்.

போதகரின் காபி ஆறிப்போயிருந்தது. தயக்கத்தோடு கேட்டார்.

"ஊருல அத்தனை பேருக்கும் வழி தப்பின பனியில, இவங்களுக்கு மட்டும் எப்படி வழி தெரிஞ்சுது?"

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஊரில் யாருக்கும் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டி வந்ததே இல்லை.

"நாங்க சொல்லவே இல்லையா?" என்றார் ஆல்வின். "ஏழு வயசுல வந்த காய்ச்சல்ல அம்மாவுக்கு ரெண்டு கண்ணும் போயிடுச்சு, ஐயா. அன்னிக்கு ஊருக்கே கண்ணு தெரியல. அவங்களுக்கு மட்டும்தான் அது புதுசு இல்ல."