மலைப்பூதத்துக்குப் பெண்

"இந்தக் காப்பியை இப்போ யாரும் குடிக்க வேண்டாம்!" என்று எழுந்து நின்றான் பெண்ணின் அண்ணன் கைஸ்.

கூடத்தில் இருந்த முப்பது பெரிய மனிதர்களும் திடுக்கிட்டுப் போனார்கள்.

பெண் கேட்டு வந்தவர்களில் மூத்தவரான அபூ நாயிஃப், வழக்கப்படி வாய் வைக்காமல் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "உங்க பொண்ணு தஸ்னீமை எங்க முஹன்னதுக்குக் கேட்டு வந்திருக்கோம். சரின்னு சொல்லுங்க, குடிக்கிறோம்" என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்.

பெண்ணின் தகப்பனார் அபூ கைஸ் "குடிங்க" என்றால் சம்பந்தம் முடிவு. குடிக்காமல் எழுந்து போனால், இர்பித் ஊரில் இந்த இரண்டு குடும்பமும் அப்புறம் ஒன்றன் முகத்தில் ஒன்று விழிக்க முடியாது.

நாலு வரன்களைத் தட்டிக் கழித்த தஸ்னீம் இந்த ஒருவனுக்குத்தான் தலையாட்டியிருந்தாள். இப்போது அதிலும் மண்.

"என்னடா குறை கண்டே?" என்றார் தகப்பனார்.

"இவர் கம்ப்யூட்டர்ல என்ன வேஷம் கட்டுறார்னு கேளுங்கப்பா. நம்ம பல்கலைக்கழகத்துல படிச்சவங்க ஆளுக்கொரு வேஷம் எடுத்து ஆடுற ஆட்டம் ஒண்ணு இருக்கு. நானும் ஆடுறேன். நான் குதிரை வீரன். பொம்பளைங்களுக்கு ஒரு ஆபத்துன்னா முதல் ஆளா போய் நிக்கிறவன். இவர் யாரு தெரியுமா? மலைப்பூதம்!"

வீட்டில் ரொட்டி வாங்கி வரச் சொன்னாலே முனகுகிற வீரன் இவன். அது அங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். முஹன்னத் மறுக்கவில்லை.

"ஆமா, பூதம் நான்தான்."

"குகையை விட்டு வெளியே வரமாட்டார். யாரோடயும் சேரமாட்டார். சலாம் சொன்னாக்கூட 'போடா கழுதை'ன்னுதான் பதில் வரும்!"

"பூதம் வேற எப்படிங்க பேசும்?" என்றான் முஹன்னத். "நகராட்சியில குடிதண்ணி புகார் வாங்குற ஜன்னல்ல உக்கார்றேன். எட்டு மணியிலேர்ந்து மூணு மணி வரைக்கும் ஊரே திட்டும். சிரிச்சுக்கிட்டே இருக்கணும். அங்கேயாவது கொஞ்சம் சிரிக்காம இருக்கலாமேன்னுதான்..."

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமி மறைத்தார்கள்.

"நாலு பேரோட ஒட்டாதவன் எப்படிக் குடும்பம் நடத்துவான்?" என்றார் கைஸின் பெரியப்பா. ஓர் ஒலிவ மரத் தகராறில் கூடப்பிறந்த இன்னொரு தம்பியோடு ஏழு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாதவர் அவர்.

அந்தத் தம்பி கூடத்தின் மறுகோடியிலிருந்து, "சரியான கேள்வி" என்றார். ஏழு வருஷத்தில் இருவரும் ஒத்துப்போனது இதில்தான்.

கைஸுக்குத் தெம்பு வந்துவிட்டது.

"போன மாசம் நடந்ததைக் கேளுங்க. நர்கிஸ்னு ஒரு மூலிகைக்காரப் பொண்ணு. பாவம், பயந்து ஓடி வந்து இவர் குகைக்குள்ள நுழைஞ்சா. இவர் என்ன சொன்னார் தெரியுமா? 'மூலையில கிட. வாயைத் திறந்தா தின்னுடுவேன்'னார்! நான் அவளைப் பத்திரமா கூட்டிட்டுப் போகலாம்னு வாசலுக்குப் போனா, பாறாங்கல்லை உருட்டி விட்டு என் குதிரையைக் கொன்னுட்டார்!"

"அடப்பாவி, குதிரையையா?" என்று பதறினார் ஒரு கிழவர்.

"நிஜக் குதிரை இல்ல, தாத்தா."

"ஓ" என்று அவர் சப்பென்று சாய்ந்துகொண்டார்.

முஹன்னத் கைஸை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தான்.

"அது ஆட்டத்தோட போகட்டும், கைஸ். இங்க வேண்டாம்."

"ஏன், பதில் இல்லையா?"

முஹன்னத் வாயைத் திறக்கவில்லை. திறக்காதவன்தானே குற்றவாளி! முப்பது நீதிபதிகளும் உச்சுக் கொட்டினார்கள். அபூ நாயிஃப் தன் கோப்பையைப் பார்த்தார். ஆவி அடங்கிவிட்டிருந்தது. அவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

அபூ கைஸ் தவித்தார். "பொண்ணை ஒரு வார்த்தை கேட்டுடுவோமே..."

"நானே போய்க் கேக்குறேன். இவ்வளவும் தெரிஞ்சப்புறம் அவ எப்படி சம்மதிப்பா?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சமையலறைப் பக்கம் போனான் கைஸ்.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தவனின் முகத்தில் பொட்டு ரத்தம் இல்லை. கையில் சூடான காப்பிக் கூஜா.

ஆறின காப்பியைக் கொட்டிவிட்டு, அபூ நாயிஃபுக்குத் தானே புதிதாக ஊற்றினான். பாதி தரைவிரிப்பில் சிந்தியது.

"அப்பா, குடிக்கச் சொல்லிடுங்க."

"என்னடா இது! பூதம்னியே, குகைன்னியே?"

"விளையாட்டுதானேப்பா அது. வேஷத்தை வச்சு மனுஷனை எடை போடலாமா?"

"அதானே!" என்றார் பெரியப்பா. மறுகோடியிலிருந்து தம்பியும், "அதானே!" என்றார்.

"குடிங்க, அபூ நாயிஃப். கேட்டு வந்ததைக் கொடுத்தாச்சு" என்றார் தகப்பனார். கூடத்தில் வாழ்த்தொலி எழுந்தது. உள்ளேயிருந்து பெண்களின் குலவை கேட்டது. குனாஃபா இனிப்புத் தட்டுகள் வெளியே வந்தன. கைஸ் மட்டும் எதையும் தொடவில்லை.

சமையலறையில் தஸ்னீம் அவனிடம் சொன்னது இவ்வளவுதான்.

"அண்ணா, அந்த நர்கிஸ் நான்தான். நீ மாடியறையில உக்காந்து ஆடினே, நான் இந்த அடுப்படியில. 'ஒரே ஒரு போட்டோ அனுப்பு, யாருக்கும் காட்ட மாட்டேன்'னு மூணு நாளா குதிரையில துரத்தினது வீரன். பூதம் என் பேரைக்கூட கேக்கலை. இப்போ நீயே போய்க் காப்பியைக் குடிக்க வைக்கிறியா, இல்ல நான் கூடத்துக்கு வந்து சொல்லட்டுமா?"